அத்திம்பேரின் கார் பந்தயத்துக்குப் போனது

1

முதலில் வந்தது வாசனை. விளக்கெண்ணெய் எரிகிற வாசனை.

கையில் சூடு ஆறிய தேநீர், காலடியில் சேறு, தலைக்கு மேல் இந்த நாட்டார் வசந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும் சாம்பல் தூறல். இத்தனைக்கும் நடுவே எங்கிருந்தோ ஒரு நீலப் புகை தவழ்ந்து வந்து மூக்கைத் தொட்டது. நாற்பத்தைந்து வயசில், ஏழு வயசுப் பையனாக வாயை இறுக மூடிக்கொண்டேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூக்கைப் பிடித்து, கையைக் காலைக் கட்டாத குறையாக ஊற்றப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். இதைப் படிக்கும்போதே உங்களில் சிலர் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். சுளித்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

பக்கத்தில் குடை பிடித்து நின்ற கனவான் கண்ணை மூடி அந்தப் புகையை ஆழ உள்ளே இழுத்தார்.

“உலகத்திலேயே உன்னதமான நறுமணம்” என்றார் என்னிடம். “ஒரு தடவை முகர்ந்தவன் மறக்கவே மாட்டான்.”

“ஒரு தடவை குடித்தவனும் மறக்க மாட்டான்” என்றேன். அவர் மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

இடம், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு பழைய விமானதளம். யுத்தத்தில் குண்டு ஏற்றிப் போன ஓடுபாதையில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்காலக் கார்களைச் சுற்ற விடுகிறார்கள். பந்தய இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம்; எவ்வளவு சூட்டிலும் வழுக்கிக் கொடுக்குமாம். இதை எனக்குச் சொன்னது என் மகள் சுமதி. பதினாலு வயசு. பள்ளியில் அவள் பெயர் ‘சூ’. அவளுக்கு ஒரு காரின் பின் அச்சில் எத்தனை பல் என்று தெரியும். தன் அத்தையின் பெயரை ஒவ்வொரு பொங்கல் வாழ்த்துக்கும் என்னிடம் கேட்டுத்தான் எழுதுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. பின் அச்சு இங்கே இருக்கிறது. அத்தை ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள்.

வரிசையில் பத்தொன்பதாம் எண் வண்டி நின்றது. மட்கார்டு இல்லை, கூரை இல்லை, பின் சீட்டு இல்லை. முன் கண்ணாடி இருந்த இடத்தில் சவரக் கண்ணாடி அளவுக்கு ஒரு சில்லு. மொட்டையடித்து, காது குத்தாமல் விட்ட குழந்தை மாதிரி இருந்தது. உள்ளே தோல் தொப்பி போட்டுக்கொண்டு என் மேலதிகாரி ஹார்டிங் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் அத்திம்பேருடைய கார் அது. ஊரை விட்டுக் கிளம்பி ஒரு வருஷமும் சில வாரமும் ஆகியிருந்தது.

அத்திம்பேர் என்றால் அக்காவின் கணவர். இங்கே அதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். மச்சான், மைத்துனன், ஷட்டகர் என்கிற சகலை எல்லாரையும் ஒரே பாயில் படுக்க வைக்கும் வார்த்தை. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. ஹார்டிங்கும் இப்போது ‘அத்திம்பர்’ என்றுதான் சொல்கிறார். அது ஏதோ ராஜ பட்டம் என்று நினைக்கிறார். திருத்தவில்லை.

2

ஸ்ரீரங்கத்தில் அத்திம்பேர் வீடு கீழச் சித்திரை வீதியில், தேர் நிற்கிற இடத்துக்கு நாலு வீடு தள்ளி. அந்த வீதிக்கு இரண்டு தேர் என்று ஐம்பதுகளில் ஊர் சொல்லும். ஒன்று பெருமாளுடையது, சித்திரையில் ஒரு நாள் ஓடும், ஊரே இழுக்கும். இன்னொன்று அத்திம்பேருடையது, தினமும் ஓடும், சில நாள் ஊரே தள்ளும்.

வரதாச்சாரி, சிவில் வக்கீல், திருச்சி ஜில்லா கோர்ட். பொன்மலை ரயில்வேயில் இருந்த துரை ஒருவர் சுதந்திரம் வந்த சூட்டோடு கப்பலேறும்போது அவரிடம் விட்டுப்போன கார். முப்பதாம் வருஷத்து வண்டி, திறந்த மேனி, கரும்பச்சை. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும்.

ஐம்பத்தொன்றில், நான் இந்த நாட்டுக்குக் கிளம்பிய வருஷம், கோர்ட்டில் இன்னொரு வக்கீல் அவர் காதில் ஒரு சேதியைப் போட்டார். கடையில் விற்கிற இன்ஜின் ஆயிலில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்களாம். அத்திம்பேர் அன்று காரில் ஏறவில்லை. பாலக்கரை ஒர்க்‌ஷாப்பிலிருந்து சையத் பாயை வரவழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“பாய், இருக்கற எண்ணெய் அத்தனையையும் வடிச்சுடும்.”

“சாமி, இது மண்ணுக்கு அடியிலேருந்து எடுக்கிற எண்ணெய்ங்க. மாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

“மண்ணுக்கு அடியில என்னென்ன செத்துக் கெடக்கோ, உமக்கெப்படித் தெரியும்?”

சையத் பாய் ஸ்பானரை எடுத்தார். இன்றுவரை எந்த விஞ்ஞானியிடமும் இதற்குப் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். செக்கிலிருந்து நேரே ஒரு டின் விளக்கெண்ணெய் வந்தது. கோவில் வீதியில் ஓடுகிற வண்டிக்குத் தாவர ஆகாரம் ஏற்பாடாயிற்று.

விளக்கெண்ணெய் இன்ஜினுக்குள் நாளடைவில் பிசினாக ஒட்டும். அதனால் மாதா மாதம் சையத் பாய் இன்ஜினைப் பிரித்துச் சுரண்டினார்; சுரண்டும் நேரமெல்லாம் திட்டினார். வண்டி என்னவோ முன்னைவிட இழைந்து ஓடியது. அது போகிற வீதியில் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. கடைக்காரர்கள் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, “வக்கீல் சாமி வந்துட்டார், நேரம் அஞ்சரை” என்றார்கள்.

இன்னொரு வழக்கம். கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அத்திம்பேர் வலமாகத்தான் ஓட்டுவார். கோவில் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். காலையில் கோர்ட்டுக்குப் போவது சுலபம்: கீழ வீதியில் தெற்கே போய், வலது பக்கம் திரும்பி, கோபுர வாசல் வழியே வெளியேறி, காவேரிப் பாலம். திரும்பி வரும்போதுதான் சிக்கல். வாசலுக்குள் நுழைந்து வலது கைப்பக்கம் திரும்பினால் வீடு கூப்பிடு தூரம். அது இடம் வருவதாகிவிடும். எனவே இடப்பக்கம் திரும்பி, மேல வீதி, வடக்கு வீதி எல்லாம் சுற்றி, பெருமாளை முக்கால் வலம் வந்து வீடு சேருவார். வீட்டுக்கு வடக்கே மூன்றாம் வீட்டில் கல்யாணம் என்றால் முழு வலம். நடந்து போனால் வெற்றிலை மெல்கிற நேரம்கூட ஆகாது. “நடந்து போறதுக்குக் கார் எதுக்கு?” என்பார்.

நான் கப்பலேறினேன். அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். இருவரில் யார் அதிக தூரம் போனோம் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

3

இங்கே நான் ஒரு தொழிற்சாலையில் படம் வரைகிறேன். கார் பாகங்களின் படம். காலை ஏழே காலுக்கு பஸ், மேல்தட்டில் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நாற்றம், எட்டு மணிக்கு மணி அடிக்கும், பலகைக்கு முன் நிற்பேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பதிமூன்று வருஷம் என்னை ‘வரைபடப் பிரிவு இந்தியர்’ என்று குறிப்பிட்டார்கள். பிரிவில் வேறு இந்தியர் வந்து சேர்ந்ததும் ‘பழைய இந்தியர்’ ஆனேன். அது ஒரு பதவி உயர்வு.

ஹார்டிங் எங்கள் பிரிவுத் தலைவர். வாரம் ஐந்து நாள் புதுக் கார்களை வடிவமைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெறுக்கிறார். அவருடைய சங்கம் பழங்காலக் கார்களுக்கு மட்டும் பந்தயம் நடத்துகிறது. குறிப்பிட்ட வருஷத்துக்குப் பின் பிறந்த வண்டிக்கு உள்ளே பிரவேசம் கிடையாது. இன்ஜின் பிறவியிலேயே வந்ததாக இருக்கவேண்டும். கார்புரேட்டரை மாற்றலாமா கூடாதா என்பதில் சங்கத்தில் இரண்டு கலை. ஒரு கலையார் இன்னொரு கலையாரோடு தேநீர் குடிப்பதில்லை. எந்தத் திருகாணி மூலத்தில் உள்ளது, எது பிற்சேர்க்கை என்று மணிக்கணக்கில் வாதம் செய்கிறார்கள். எனக்கு எதுவும் புதிதாக இல்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன்.

ஒரு நாள் பேச்சுவாக்கில், என் அத்திம்பேரிடம் இதே ஜாதி வண்டி இருக்கிறது, விளக்கெண்ணெயில் ஓடுகிறது என்று சொல்லித் தொலைத்தேன். ஹார்டிங் பென்சிலைக் கீழே வைத்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் எனக்குத் தேநீர். பதிமூன்று வருஷத்தில் முதல் தேநீர். பொய் சொல்லமாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது.

அதே வாரம் அக்காவின் கடிதம் வந்தது. மார்கழி நடந்துகொண்டிருந்தது.

“நேத்து விடியக்காலம் நம்ம வீதியில ஒரு பொண்ணு குனிஞ்சு கோலம் போட்டுண்டிருந்தா. வண்டி கோலத்து மேலயே போயிடுத்து. சத்தம் கேட்டு எழுந்து ஓடினதால பொழைச்சா. இவர் ஆத்துக்கு வந்து, ரோட்டுல யாரோ சுண்ணாம்பைக் கொட்டியிருக்காங்கறார். மதராஸ் வரைக்கும் போய்க் காட்டியாச்சு. நரம்பு போயிடுத்து, ஆபரேஷனுக்கு வேலை இல்லைன்னுட்டா. சாவியைத் தரமாட்டேங்கறார். ஒரு உயிர் போறதுக்கு முன்னாடி இந்த வண்டி போகணும். நீ ஏதாவது பண்ணு. கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை எழுதாதே. எழுதினா நான்தான் படிச்சுக் காட்டணும்.”

அந்த வீட்டில் கண் என்ற சொல்லே புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அவருடைய கேஸ் கட்டுகளை அக்கா காலையில் வாசிப்பாள். அவர் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு கோர்ட்டுக்குப் போவார். வரதாச்சாரி காகிதத்தைப் பார்க்காமலே வாதாடுகிறார் என்று அவருடைய கீர்த்தி ஏறிக்கொண்டிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் கீர்த்தியும் போகும், கட்சிக்காரர்களும் போவார்கள். கார்தான் அவருடைய அத்தாட்சி. தானே ஓட்டிக்கொண்டு வருகிற மனிதரைக் குருடர் என்று யார் சொல்வார்கள்.

எனக்கு வேண்டியது ஹார்டிங்குக்கு ஒரு கார். அக்காவுக்கு வேண்டியது அந்தக் கார் இல்லாத வீதி. அத்திம்பேருக்கு வேண்டியது ஒரு காரணம்; கண்ணைத் தவிர வேறு எதுவானாலும் சரி. லீவு எழுதிக் கொடுத்தேன். ஹார்டிங் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

4

தை பிறந்திருந்தது. ஆபீஸ் அறையில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே அத்திம்பேர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு கேஸ் கட்டைப் பிரித்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு தலைகீழாக இருந்தது.

“ஏண்டா கிட்டு, அந்த வெள்ளைக்காரனுக்கு அங்க காரே கெடைக்கலையா?”

“கெடைக்கறது. இது மாதிரி கெடைக்கலை.”

“இது மாதிரின்னா?”

“முப்பதாம் வருஷத்து வண்டி, பிறவி இன்ஜின். அங்க பாதியை யுத்தத்துல உருக்கிட்டா.”

“வாங்கி என்ன பண்ணப் போறான்?”

“ரேஸ் விடப் போறார், அத்திம்பேர்.”

“இத்தனை வயசானதையா?”

“வயசானதுக்குன்னே அங்க தனி ரேஸ் இருக்கு.”

வாசல்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிராமல் சொன்னாள்: “நம்மாத்துல இன்னொண்ணும் வயசானது இருக்கு. கப்பல்ல எடம் இருந்தாப் பாரேண்டா.”

“கோமளம், நடுவில பேசாதே. சாட்சி பேசிண்டிருக்கான்.” என் பக்கம் திரும்பினார், அதாவது, என் குரலின் பக்கம். “ரேஸ்னா எப்படி? நேரா ஓட்டுவாளா?”

“இல்லை. பாதை போட்டிருப்பா. திரும்பத் திரும்பச் சுத்தி வரணும்.”

அத்திம்பேர் கேஸ் கட்டை மூடி வைத்தார்.

“வலமா, இடமா?”

அக்கா புடைப்பதை நிறுத்தினாள். அன்றுவரை நான் பந்தய மைதானத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

“வலம்தான்” என்றேன்.

“நேர்ல பார்த்தயா?”

“பார்க்கலை.”

“யார் சொல்லித் தெரியும்?”

“ஆபீசுல பேசிக்கறா.”

“செவிவழிச் செய்தி. செல்லாது. எழுத்துல வரணும்.”

ஹார்டிங்குக்கு விமானத் தபால் எழுதினேன். ஒரு காரியத்தை இவ்வளவு அவமானத்தோடு நான் எழுதியதில்லை: ஐயா, தங்கள் மைதானத்தில் கார்கள் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடுமா, அதற்கு எதிராகவா. எட்டாம் நாள் பதில் வந்தது. அத்திம்பேர் முன்னால் வாசித்தேன். “கடிகார முள்ளின் திசையில்தான். வேறு எப்படிச் சுற்றுவது? நாட்டில் ஒன்றிரண்டு இடங்களில் எதிர்த்திசையில் ஓட்டுகிறார்கள் என்பதையும் உண்மையை மறைக்காமல் தெரிவிக்கிறேன்.”

“பார்த்தயா, வேற எப்படிச் சுத்தறதுங்கறான்” என்றார் அத்திம்பேர். முகம் விரிந்திருந்தது. “படிச்ச மனுஷன். கோமளம், பேப்பரை எடு.”

கிரய ஒப்பந்தத்தை அவரே சொன்னார், அக்கா எழுதினாள். பதினோரு ஷரத்து. ஏழாவது இது: மேற்படி வாகனத்தை இடமாகச் சுற்றும் எந்தப் பந்தயத்திலும் ஈடுபடுத்தலாகாது, இது வாங்குபவரையும் அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். சொல்லி முடித்ததும் கையெழுத்துக்காக அக்கா அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். மேஜையைத் துடைப்பதுபோல அதைச் செய்தாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் இதற்கெல்லாம் ஒத்திகை தேவைப்படுவதில்லை.

5

காரை நாடு கடத்துவது மனிதனை நாடு கடத்துவதைவிடக் கஷ்டம். எனக்கு ஒரு பாஸ்போர்ட் போதுமானதாக இருந்தது.

திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று வேண்டாம். அந்த குமாஸ்தா நல்ல மனிதர்.

“வெளிநாட்டுக் காரை உள்ள கொண்டு வரதுக்கு ஃபாரம் இருக்குங்க சார். உள்ளூர்க் காரை வெளிநாட்டுக்குக் கொண்டு போறதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்லீங்களே.”

“அப்ப என்ன செய்யறது?”

“கொண்டு போகாம இருக்கலாம்ங்க.”

மூன்றாம் நாள் அவருக்கே இரக்கம் வந்து, ‘இறக்குமதி’ என்று அச்சடித்த இடத்தைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஏற்றுமதி’ என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“காரணம் என்னான்னு போடட்டுங்க?”

“பந்தயம்.”

“ஐயோ, அப்படிப் போடாதீங்க சார். பந்தயம்னா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிரும். சூதாட்டம்பாங்க.” பேனாவால் காதைக் குடைந்தார். “மேல்சிகிச்சைக்குன்னு எழுதிருவமா? பெரிய மனுசங்க எல்லாம் அதுக்குத்தான் சீமைக்குப் போறாங்க.”

அப்படியே எழுதப்பட்டது. மேல்சிகிச்சைக்காகச் சீமைக்குப் போகும் மோட்டார் கார் ஒன்று. கீழே முத்திரை. சிகிச்சைக்கு வழியில்லாத ஒருவர் ஸ்ரீரங்கத்தில் தலைகீழான கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த ஃபாரமும் இல்லை.

6

ஹார்டிங்கின் கொட்டகையில் வண்டியைப் பிரித்தபோது நான் கூட இருந்தேன். இன்ஜினைத் திறந்ததும் சங்கத்துப் பெரியவர்கள் மூன்று பேர் குனிந்து பார்த்தார்கள். பதிமூன்று வருஷம் சுத்தமான விளக்கெண்ணெய், மாதா மாதம் சுரண்டல். இப்படி வைராக்கியமாகப் பந்தயத்துக்குத் தயார் செய்யப்பட்ட இன்ஜினைத் தாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். தயார் செய்தது யார் என்று கேட்டார்கள். சையத் பாய் பெயரைச் சொன்னேன். திட்டிக்கொண்டே செய்தார் என்பதைச் சொல்லவில்லை.

பிறகு அறுவை. பழமையைக் காப்பாற்றுவது என்றால் இவர்கள் அகராதியில் முதலில் மட்கார்டைக் கழற்றுவது. பின் சீட்டைப் பிடுங்கினார்கள். அதில்தான் என் அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு பதினேழு வருஷம் உட்கார்ந்து போனாள். மடிக்கிற துணிக் கூரையையும் கால்பலகையையும் கழற்றினார்கள். எடை குறையவேண்டுமாம். பாக்கி இருந்ததற்குப் பெயர் மூல வடிவம்.

விண்ணப்பத்தில் ‘முந்தைய பந்தய அனுபவம்’ என்று ஒரு கட்டம். ஹார்டிங் என்னைப் பார்த்தார். பதினேழு வருஷம், தினசரி, நான்கு வலப்பக்கத் திருப்பங்கள், ஒரே பாதை என்று சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். குழுவும் சிரிக்காமல் ஏற்றுக்கொண்டது.

பந்தய நாளன்று அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் பத்தொன்பதாம் எண்ணுக்கு எதிரே, ‘முன்னர் ஓர் இந்திய மகாராஜாவுக்குச் சொந்தமானது’ என்று இருந்தது. இந்தியாவிலிருந்து வருகிற காரெல்லாம் மகாராஜாவுடையது, வருகிற மனிதரெல்லாம் படம் வரைபவர். இது இங்கே சட்டம். நான் பேசாமல் இருந்திருப்பேன். சூ தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனாள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது: பத்தொன்பதாம் எண் வண்டி, ஸ்ரீரங்கம் வழக்கறிஞர் வரதாச்சாரி அவர்களுடையது. பெயரை மூன்று இடத்தில் உடைத்தார்கள். பரவாயில்லை.

“அவர் என் அத்தையின் கணவர் என்று சொன்னேன். அத்தை பெயர் கோமளம் என்றும் சொன்னேன்” என்றாள் திரும்பி வந்து. ஆங்கிலத்தில்தான். பெயரைச் சரியாகச் சொன்னாள்.

வண்டி கடைசிக்கு முந்தியதாக வந்தது. கடைசியாக வந்ததற்குச் சக்கரம் கழன்றிருந்தது. அடுத்த மாதம் எதிர்த்திசையில் சுற்றும் மைதானம் ஒன்றிலிருந்து அழைப்பு; ஹார்டிங் ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்தைச் சுட்டிக்காட்டி வர இயலாது என்று எழுதிவிட்டார். ஆபீசில் இப்போது நான் ‘கார் கொண்டுவந்த இந்தியர்’.

பந்தயத்தைப் பற்றி ஊருக்கு எழுதினேன். அத்திம்பேர் சொல்லி அக்கா எழுதிய பதில் வந்திருக்கிறது. “போட்டோ அனுப்பாதே, தபால்ல கெட்டுப்போகும். மூணாவது திருப்பத்துல சத்தம் எப்படி இருந்ததுன்னு எழுது.” ஒரு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். வார்த்தையில் வித்தை காட்டத் தெரிந்தவன் என்று ஒரு காலத்தில் என்னைப் பற்றி எனக்கே அபிப்பிராயம் இருந்தது. கிழித்த தாள்களுக்குப் பதிலாகத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

7

வண்டி கிளம்பின நாளை இன்னும் சொல்லவில்லை.

ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் பகல் இரண்டு மணிக்குள் வண்டியை ஒப்படைக்கவேண்டும். எனக்கும் அன்றைக்கே மதராஸ் ரயில். சையத் பாய் ஓட்டுவதாகச் சொன்னார். அக்கா கெஞ்சினாள். அத்திம்பேர் ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

“கடைசித் தரம் என் வண்டியை இன்னொருத்தன் ஓட்டறதை நான் பார்த்துண்டிருக்கணுமா?”

சையத் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஏதோ தன் வேலையாக அந்த வழியே போகிறவர் மாதிரி, மணியடித்துக்கொண்டே முன்னால் போனார். அக்கா பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்து சீட்டில் ஏறினேன்.

கண்ணைப் பற்றிப் பேசக்கூடாது. எதிரே என்ன வருகிறது என்று சொன்னால் அது கண்ணைப் பற்றிப் பேசுவது. எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையில் எடுத்தேன். ஊர் ஏக்கம்.

“ஆகா, மாட்டு வண்டி” என்றேன் காவேரிப் பாலத்தில் ஏறும்போதே. “எத்தனை வருஷமாச்சு பார்த்து. நேர் எதிர்க்க, நாப்பது அடியில.”

அத்திம்பேர் மெள்ள இடப்பக்கம் ஒதுக்கினார்.

“எதிர்க்க வர சைக்கிள்காரனைப் பாருங்கோ, நடு ரோட்டுல. இங்கிலாந்துல இந்த மாதிரி சுதந்திரமே கெடையாது. இப்பத்தான் ஒதுங்கறான். ஒதுங்கிட்டான்.”

“ரொம்ப ரசிக்கறயே.”

“ஆமாம் அத்திம்பேர். ஆறு கூட அப்படியே இருக்கு. அதோ ஒரு லாரி. எவ்வளவு கம்பீரமா வரது. ரொம்பக் கம்பீரம்.”

பிரேக் பிடித்தார். லாரி உரசாமல் போயிற்று.

“இடது கைப்பக்கம் ஒரு இளநீர்க்காரர். அழகா இருக்கார். ரொம்பக் கிட்டத்துல அழகா இருக்கார்.”

புலம்பெயர்ந்தவன் ஊரைப் பற்றி எழுதுகிற ஒவ்வொரு வரியும் கொஞ்சம் பொய் என்று நீங்கள் சொல்வதுண்டு. அன்றைக்குப் பாலத்திலிருந்து ஜங்ஷன் வரைக்கும் நான் பேசியதில் பாதி அலங்காரம். மீதியில் ஒரு வார்த்தை தவறியிருந்தால் யாரோ செத்திருப்பார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமாக நான் எதையும் வர்ணித்ததில்லை.

கூட்ஸ் ஷெட்டில் இன்ஜினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. பிறகு சாவியை எடுத்து நீட்டினார், எனக்கும் சையத் பாய்க்கும் நடுவில், வெற்றிடத்தில். சையத் பாய் ஒரு அடி நகர்ந்து, கைக்கு அடியில் கையைக் கொண்டுபோய் வாங்கிக்கொண்டார்.

“நம்ம கையிலேருந்து போறப்ப ஓடற வண்டியாப் போகுது சாமி. அது போதும்” என்றார்.

ரயில் நேரம் ஆயிற்று. அக்கா பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தாள். கூஜாவில் தீர்த்தம் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அத்திம்பேர் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கை முதலில் கம்பியைத் தேடிற்று.

“கிட்டு, அவ வரதுக்குள்ள ஒண்ணு கேட்டுடறேன்.”

“கேளுங்கோ.”

“ஒரு மாசமா எதிர்க்க உக்காந்து பேசிண்டிருக்கே. குரல் அப்படியேதான் இருக்கு.” குழாயடிப் பக்கம் ஒரு தடவை காதைத் திருப்பினார். “நீ இப்ப எப்படிடா இருக்கே, பார்க்க?”

விசில் ஊதிவிட்டார்கள்.

“எங்கப்பா மாதிரி ஆயிட்டேன், அத்திம்பேர்.”

வண்டி அசைந்தது. அவர் கம்பியை விட்டார்.

“வழுக்கைன்னு நேராச் சொல்லப்படாதாடா.”